செவலை விழுங்கிய எச்சில்

என் உயிரான அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகும் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. முதலில் நல்ல சேதி: உங்கள் செவலைப் பசு பிழைத்துவிட்டது. எப்படிப் பிழைத்தது என்று கேட்டால் உங்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

உங்கள் கருமாதிக்கு ஆக்கியதில் ஒரு அண்டாச் சோறு மிஞ்சியது. வீணாகக் கூடாதென்று மாமா, அதுதான் அம்மாவின் தம்பி, அதை அப்படியே செவலையின் முன்னால் கொட்டிவிட்டார். மறுநாள் அது வயிறு உப்பி, அசைபோடுவதை நிறுத்திப் படுத்துக்கொண்டது. "கிருமி பூந்துருச்சு" என்று மாமாவே டாக்டராகி மாத்திரை வாங்கிவந்து பொடித்து ஊற்றினார். மூன்று நாள் ஊற்றியும் செவலை தீவனத்தை மோந்துகூடப் பார்க்கவில்லை.

நான்காம் நாள் மோகனூரிலிருந்து கால்நடை டாக்டரம்மாவை அழைத்துவந்தேன். மாமாவை ஒரு பிடி பிடித்தார். "எல்லாக் கிருமியும் சீக்கு இல்லீங்க. மாடு தின்னுற வைக்கோலைச் செரிக்க வைக்கிறதே அது வயித்துல குடியிருக்கிற கிருமிங்கதான். அவ்வளவு சோறு தின்னதுல பாதிக் கிருமி செத்துது, மீதிய உங்க மாத்திரை கொன்னுருச்சு. நல்லா அசைபோடுற மாட்டு வாயிலிருந்து அசையை எடுத்துக் கரைச்சு உள்ள ஊத்தணும். அந்தக் கிருமி அதுல உயிரோட இருக்கும்."

பக்கத்தில் அப்படி ஒரு மாடு காலனி ராசாத்தியக்காவிடம்தான் இருந்தது. இருபது வருஷம் நம் காட்டில் களை எடுத்தும் நீங்கள் வாசற்படி தாண்ட விடாத அதே ராசாத்தியக்கா.

மாமா குதித்தார். "அந்த ஊட்டு மாட்டு எச்சிலயா? என்ன சீக்கு வருமோ! உங்கப்பா இருந்திருந்தா மாட்டைச் சாவ உட்டிருப்பாரே தவிர இதுக்கு ஒத்திருக்கவே மாட்டாரு." டாக்டரம்மா அந்த மாட்டைச் சோதித்து, நோய் எதுவும் இல்லை என்று சொன்ன பிறகும் அவர் அடங்கவில்லை. சொல்லுங்கள் அப்பா, மாமா சொன்னது நிஜமா? சாக விட்டிருப்பீர்களா?

நான் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ராசாத்தியக்கா தன் மாட்டின் கடைவாயில் கைவிட்டு அசையை எடுத்துக் கொடுத்தார். நான் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து வடிகட்டினேன். டாக்டரம்மா குழாய் வழியே செவலைக்கு இறக்கினார். இரண்டு நாள் இதே வேலை. மூன்றாம் நாள் காலையில் செவலை தாடையை ஆட்ட ஆரம்பித்ததும் நான் அழுதுவிட்டேன்.

ராசாத்தியக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னை நேராகப் பார்த்துக் கேட்டார்: "எம் மாட்டு எச்சி உங்கூட்டு மாட்டு வயித்துக்குள்ளயே போயிருச்சு. நான் மட்டும் இன்னும் வாசல்லயே நிக்கோணுமுங்களா, அம்மணி?"

இருபது வருஷமாக நானும் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். வெட்கமாக இருந்தது. உங்கள்மேல் ஆத்திரமாகவும் வந்தது. மாட்டு வயிற்றுக் கிருமியைக்கூட நல்லதா கெட்டதா என்று பார்த்துத்தான் சொல்கிறார்கள். நீங்கள் ராசாத்தியக்காவை ஒருநாளாவது பார்த்தீர்களா?

"உள்ள வாங்கக்கா" என்று கையைப் பிடித்தேன். வந்தார். மாமா சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டார்.

உங்கள்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அதனால்தான் ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் வருஷத் திதிக்கு முதல் பந்தியில், உங்கள் படத்துக்கு நேர் எதிரே ராசாத்தியக்காவுக்கு இலை போடுவேன். பக்கத்தில் நான் உட்காருவேன். பிடிக்காதவர்கள் எழுந்து போகட்டும். நீங்கள் மட்டும் எழுந்து போக முடியாது, அப்பா. பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

உங்கள் பிடிவாதத்தை அப்படியே வாங்கிவந்த மகள்,
கலா