ஜிம்மியின் விட்டுப்போன துடிப்புகள்

3-2-1972, வியாழன்

இன்று எனக்கு எழுபத்தொரு வயதும் நான்கு மாதமும் ஒன்பது நாளும். பனி. துறைமுக நிலக்கரித் தூளுக்குப் பயந்து பொங்கலோடு என் அறைச் சன்னலை மூடிவிட்டார்கள். தூள் வருகிறது, காற்றுதான் வரவில்லை.

காலையில் ஜிம்மி வராந்தாவில் சரிந்து விழுந்தது. அரை நிமிடம். எழுந்து, ஒன்றும் நடவாததுபோல் வாலாட்டல். மீன்தலையை முகர்ந்துவிட்டு நகர்ந்தது. மூன்றே வயது நாய்.

தொடையின் உட்புறம் விரல் வைத்து எண்ணினேன். ஒரு சமயம் விரைவு, ஒரு சமயம் தளர்வு. முப்பது வருடம் பௌதிகம் கற்பித்தவளுக்கு ஒரு நாயின் நாடி பிடிபடவில்லை.

மருமகள் ஸ்டெல்லா வழக்கம்போல வாழைப்பழத் துண்டில் என் இதய மாத்திரையைப் புதைத்துத் தந்தாள். வழக்கம்போல வராந்தாவுக்கு எடுத்துப்போனேன்.

4-2, வெள்ளி

ஸ்டெல்லாவுடன் மிருக ஆஸ்பத்திரி. கல்மண்டபத்து ரிக்‌ஷாக்காரர்: "நாயிக்கு சவாரியா டீச்சரம்மா? தோஸ்துங்க பாத்தா எம் மானம் பூடும்."

"இருந்தாத்தானே போகும்" என்றேன். சிரித்துக்கொண்டே மிதித்தார்.

டாக்டர் இளைஞர். மூச்சை இழுக்கையில் துடிப்பு விரைவதும் விடுகையில் தளர்வதும் நாய்க்கு இயல்பாம். நான் நோயென்று எண்ணியது நோயே அல்ல. பிறகு ஓடவிட்டுக் கேட்டார். ஓடினால் துடிப்பு விரைந்து சீராக வேண்டுமாம். ஆகவில்லை. வலப்பக்கம் படுக்கவைத்து, கால்களில் கவ்விகள், ஸ்பிரிட், இ.சி.ஜி. நீளக் காகிதத்தில் இரண்டு துடிப்பு, ஒரு வெற்றிடம்.

"கெழட்டு நாய்னா புரியும். இதுக்கு ஏன்னு தெரியலம்மா. காரணம் தெரியாம மருந்து குடுத்தா செத்துடும். வீட்ல யாராவது இதயத்துக்கு மாத்திரை சாப்பிடறாங்களா? அதை இது தின்னிருக்குமா?"

ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்: "அத்தை சாப்பிடறாங்க. நானே கையால குடுக்கறேன் டாக்டர். ஒருநாள் தவறினதில்ல."

நான் ஜிம்மியைத் தட்டிக்கொடுத்தேன். நாய் எங்கே, மாத்திரை எங்கே.

5-2, சனி

இருமுறை விழுந்தது. வாந்தி. அதில் மண், வாழைப்பழம்.

"யார் பழம் குடுத்தது?"

"நான் இல்ல அத்தை. உங்களுக்கு வச்சது மட்டுந்தான்."

வராந்தாவின் குரோட்டன்ஸ் தொட்டியைப் பார்த்தேன். கிளறிய மண். ஒரு துண்டுகூட இல்லை. எறும்புகள் கொண்டுபோவதாக நினைத்திருந்தேன்.

மீனைக் கண்டால் குமட்டல். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மாத்திரையை விழுங்கிய முதல் வாரத்தில்.

ஸ்டெல்லாவை அழைத்தேன். ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"டாக்டர்கிட்ட ஓடு. காரணம் தெரிஞ்சுபோச்சுன்னு சொல். முதல் வாரத்துக்கப்புறம், ஒரு வருஷமா நீ குடுத்ததுல ஒண்ணையும் நான் முழுங்கினதில்ல. பொங்கல் வரைக்கும் சன்னலுக்கு வெளியே. அப்புறம் இந்தத் தொட்டியில."