கண் கட்டை அவிழ்க்கும் நேரம்

இசக்கி,

எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிக்க உனக்கு நேரமாகும் என்று பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். முழுதும் படி.

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணிச் சாப்பிடு. கலைச்செல்விக்குப் பத்தியச் சோறு எடுத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். உன் பெண்டாட்டி இரண்டு நாளாகத் தூங்கவில்லை. எனக்கும் இடுப்பு விட்டுப்போயிற்று.

நேற்று நீ செய்தது தப்பு. ஊரிலிருந்து அம்மா வீடியோ காலில், "கண்ணு யார மாதிரி இருக்குன்னு காட்டுலே" என்றாள். நீ உடனே, மஞ்சள் காமாலைக்குப் போட்ட லைட் எரியும்போதே பச்சைப் பிள்ளையின் கண் கட்டைத் தூக்கிவிட்டாய். அந்த வெளிச்சம் உடம்புக்குத்தான் மருந்து, கண்ணுக்கு ஆகாது. ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொன்னதால் தப்பித்தாய். கலைச்செல்வி எல்லார் முன்னாலும் "வெளிய போங்க" என்று கத்தினாள் என்பதற்காக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்காதே. நானாக இருந்தால் அடித்திருப்பேன்.

நாலு மணிக்கு வந்துவிடு. பால் கொடுக்கும்போது சிஸ்டரே லைட்டை அணைத்து, கட்டை அவிழ்ப்பார். அப்போது ஆசை தீரப் பார்.

அக்கா

சாவியைப் பக்கத்து வீட்டு லூர்து மேரியிடம் கொடு.

"அவுக சாப்பிட்டாகளா?" என்று காலையிலேயே போனில் கேட்டாள் கலைச்செல்வி.

உன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வா. உன் மகள் இன்னும் உன்னைப் பார்க்கவில்லை. நேற்று அவள் கண் திறந்தபோது உன் முகத்துக்கு முன்னால் போன்தான் இருந்தது.