அந்த வண்டியை ஓட்டியது நான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்றுதான் இத்தனை கோபத்திலும் மனசு கேட்கிறது. போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், "அம்மா மீட்டிங் இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வாயடைக்க முடியாது. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து முழுசாகப் படி, வெறும் வயிற்றில் திட்டு வாங்காதே.

அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறார். நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மெஷின் வந்திருக்கிறது, பழசைவிடச் சத்தம் குறைவு, ஆனால் கதவு சரியாக மூடவில்லை என்றால் பிடிவாதம் பிடிக்கிறது. சித்தப்பா செய்தி நல்லதாக இல்லை. நம் மோட்டார் சைக்கிளைத் தயாரிக்கிற கம்பெனியை உங்கள் பெரிய கம்பெனி வாங்கிவிட்டது என்று டிவியில் ஓடிய அன்றைக்கு அவர் என்ஜின் சோதனை செய்கிற கூடத்தில் வேலையில் இருந்திருக்கிறார். முதலாளி மாறியது அவருக்கே தெரியாது, சித்தி வீட்டிலிருந்து போன் போட்டுச் சொல்லித்தான் தெரிந்ததாம். "யாருக்கும் வேலை போகாது, நாம ஒரே குடும்பம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். அடுத்த மாதம் பிறப்பதற்குள் அந்தக் கூடத்தையே மூடிவிட்டார்கள். இனிமேல் என்ஜின் எல்லாம் உங்கள் பக்கத்திலிருந்து வருமாம், இங்கே பெயரை மட்டும் ஒட்டுவார்களாம். இத்தனை வருஷம் என்ஜின் சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது சொன்ன மனுஷன் இப்போது வீட்டில் டிவி சத்தத்தைக்கூடத் தாங்காமல் அணைத்துவிடுகிறார். நீ ஒரு வார்த்தை பேசினாயா? அவர் தோளில் ஏறி வளர்ந்தவன் நீ.

எங்கள் வண்டிக் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை காலையில் மெக்கானிக் ஷெட்டில் கூடுவோம். நான் ஒருத்திதான் பொம்பளை, எல்லோருக்கும் எக்ஸ்ரே அக்கா. அப்பா வழக்கம்போல் பின்னால் உட்கார்ந்து பிளாஸ்க்கும் பேப்பருமாக வருவார். செய்தி வந்த பிறகு நடந்த கூட்டத்தில் ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. பல் டாக்டர் இருக்கிறாரே, அவர் வண்டிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றார். மெக்கானிக் மட்டும் நடைமுறையாகக் கேட்டான், "அழுறதெல்லாம் அப்புறம் சார், நாளைக்கு கிளட்ச் பிளேட்டு எவன் தருவான்?" டேங்கில் இருக்கிற பெயரைப் பிய்த்து எறிவோம் என்றார் ஒருத்தர். பேரைப் பிய்ச்சா அவங்களுக்கு என்ன வலிக்கப் போகுது, வேலை போனவங்களுக்காக எவனாவது வாயைத் திறங்க என்று நான் சத்தம் போட்டேன். பழைய வண்டிக்காரர்களை எல்லாம் உங்கள் கம்பெனி ஷோரூமுக்குக் கூப்பிட்டிருந்தார்கள், சந்திப்பு என்று பெயர் வைத்து. எல்லோரும் போவது, எங்கள் சார்பில் நான் பேசுவது என்று முடிவானது. அப்போதே ஒருத்தர் இழுத்தார், "அக்கா பையன் அங்கதானே இருக்கான், அக்கா எப்படிப் பேசுவாங்க?" என்று. நான் என்ன சொன்னேன் தெரியுமா? என் பையன் விளம்பரப் பிரிவுல இருக்கான், அவனுக்கும் இந்த அநியாயத்துக்கும் சம்பந்தம் கிடையாது, அவன் மனசு எனக்குத் தெரியும் என்று சொன்னேன். அத்தனை பேருக்கு முன்னால் மார்தட்டிச் சொன்னேன்.

அதற்கு அடுத்த ஞாயிறு மெக்கானிக் போனை நீட்டினான். விளம்பரம். மழை கொட்டுகிறது, பஸ் இல்லை, நிறைமாதக்காரி ஒருத்தி வலியில் துடிக்கிறாள். வண்டி வருகிறது, நம் வண்டி, அதே பச்சை. ஆஸ்பத்திரி வாசலில் ஸ்டாண்டு போடக்கூட நேரமில்லாமல் சாய்க்கிறார்கள், பூந்தொட்டி ஒன்று உடைந்து சிதறுகிறது. குழந்தை அழுகிறது. இரண்டு கம்பெனிப் பெயரும் கட்டிப்பிடித்துக்கொண்டு வருகின்றன. பூந்தொட்டியைப் பார்த்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள், ஏனென்றால் நீ பிறந்த அன்றைக்கு நடந்த பூந்தொட்டிக் கதையை அப்பா சொல்லாத நாள் கிடையாது. ஆனால் விளம்பரத்தில் வண்டி ஓட்டுவது யார்? மீசையை முறுக்கிக்கொண்டு ஒரு ஆம்பளை. அவள் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து அவன் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுகிறாள். மெக்கானிக் கேட்டான், "அக்கா, இது நீங்கதானே? நீங்க ஏன் பின்னாடி உட்கார்ந்திருக்கீங்க?" நான் போனை அவனிடமே திருப்பிக் கொடுத்தேன். பல் டாக்டர் மெதுவாகத்தான் கேட்டார், கத்தியிருந்தால்கூடத் தேவலை. "கதையையும் வித்துட்டீங்களாம்மா?"

டேய், அன்றைக்கு என்ன நடந்தது என்று உனக்கு மறந்துவிட்டதா, இல்லை கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டதா? மறுபடி சொல்கிறேன், கேட்டுக்கொள். வலி எடுத்தபோது மத்தியானம். மழை. பஸ்காரர்கள் ஸ்டிரைக். உன் அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொடுத்துப் பார்த்தேன், ஹேண்டிலைப் பிடித்தாலே கை நடுங்கும் அவருக்கு. என்னால் கிக் அடிக்க முடியவில்லை, வயிறு இடிக்கிறது. வீட்டுக்கு எதிரே சரிவு இருந்தது, நான் ஏறி உட்கார்ந்து கியரைப் போட்டு கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டேன், அவர் பின்னாலிருந்து தள்ளினார். கிளட்ச்சை விட்டதும் வண்டி பிடித்துக்கொண்டது. உடனே நிறுத்தினால் என்ஜின் அணைந்துவிடுமோ என்று பயம், அதனால் அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே ஓடி வந்து தொற்றி ஏறினார், ஒரு செருப்பு ரோட்டிலேயே போய்விட்டது. வலி வரும்போதெல்லாம் ஓரமாக ஒதுங்கி, காலை ஊன்றி, என்ஜின் அணைந்துவிடாமல் முறுக்கிக்கொண்டே பல்லைக் கடித்து நின்றேன். அப்பா பின்னாலிருந்து என் நெற்றி மழைத்தண்ணீரைத் துடைத்துக்கொண்டே வந்தார், தன் கண்ணாடியைத் துடைக்கத் தோன்றவில்லை அவருக்கு. அந்தத் தொட்டியை இடித்து உடைத்ததும் நான்தான். ஆஸ்பத்திரி ஆயா என்னைத் திட்டவா தூக்கவா என்று தெரியாமல் நின்றாள். இதுதான் நடந்தது.

இப்போது சொல், இதில் எந்த இடம் உங்களுக்குப் பிடிக்கவில்லை? வயிற்றுப் பிள்ளைக்காரி வண்டி ஓட்டினால் வண்டி விற்காதா?

நான் உன்னிடம் போன் பண்ணிக் கேட்கவில்லை. மேலே இருக்கிற யாரோ மாற்றிவிட்டார்கள், என் பிள்ளை சண்டை போட்டுத் தோற்றிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஷோரூமுக்குப் போனோம். கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் நின்ற பெண் ஒவ்வொருத்தருக்கும் தொப்பி கொடுத்தாள், இரண்டு பெயரும் போட்டது. பேரைப் பிய்த்து எறிவேன் என்று கொதித்தாரே, அவர்தான் முதலில் வாங்கி மாட்டிக்கொண்டார், பேரனுக்கு என்று இன்னொன்றும் கேட்டு வாங்கினார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. கம்பெனி அதிகாரி சின்ன வயசு, நல்ல மரியாதை, சிரித்துக்கொண்டே இருந்தார். மைக்கை வாங்கினேன். சோதனைக் கூடத்தில் வேலை போனவர்களுக்கு என்ன வழி என்று கேட்டேன். மேலிடத்துக்கு எடுத்துச் சொல்கிறேன் என்றார். மெக்கானிக் எழுந்து உதிரி பாகம் இன்னும் எத்தனை காலம் வரும் என்றான். அதையும் எடுத்துச் சொல்கிறேன் என்றார். பிறகு நான் விளம்பரத்தைப் பற்றிக் கேட்டேன், அது என் கதை, ஓட்டினது நான், எங்களை வாங்கினீங்க சரி, என்னைத் தூக்கிப் பின்னால வைக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தா என்று. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த அம்மா நீங்கதானா? உங்க பையன் எங்க டீம்தான் மேடம்! நாங்க எதையும் மாத்தலை. அவர் எழுதித் தந்ததே அப்படித்தான். அப்பா ஓட்டினாத்தான் ஜனங்க நம்புவாங்கன்னு அவரே சொன்னாரு" என்றார். சந்தோஷமாகச் சொன்னார், உன்னைப் பாராட்டுவதாக நினைத்துக்கொண்டு.

மைக் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. எங்கள் ஆட்கள் தரையைப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அதிகாரி, பெருமைப்படுத்துகிறேன் என்று நினைத்து, இரண்டு ஹெல்மெட்டைக் கொண்டுவரச் சொன்னார். அப்பாவுக்குப் பெரிய கறுப்பு, முன்னால் ஓட்டுபவருக்கு. எனக்குப் பூப்போட்ட சின்னது. "சார் வாங்க, ஹீரோவே நீங்கதானே" என்றார்.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் மொய் எழுதும் இடத்தில்கூட என்னை முன்னால் தள்ளிவிடுகிறவர். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் நன்றி சொல்லக் கூப்பிட்டதற்கு வயிற்றுவலி என்று வீட்டுக்கு வந்தவர். அவர் எழுந்து போனார். ஹெல்மெட்டைத் தொடவில்லை. என் கையிலிருந்து மைக்கை வாங்கினார், தலைகீழாகப் பிடித்தார், நான் நேராக்கிக் கொடுத்தேன். "எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதுங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அவதான் ஓட்டினா. நான் பின்னாடி உட்கார்ந்து பயந்து செத்தேன். என் ஆயுசுல நான் பார்த்த பெரிய தைரியம் அதுதான். அதைத் தூக்கி எனக்குக் கொடுக்காதீங்க, எனக்கு வேண்டாம்" என்றார். அவ்வளவுதான் பேசினார். குரல் ஆடியது, ஆனால் முழுசாகச் சொன்னார். பல் டாக்டர் எழுந்து வந்து தன் தொப்பியை மேசைமேல் வைத்தார். மெக்கானிக் வைத்தான். ஒவ்வொருத்தராக வைத்தார்கள். இரண்டு தொப்பிக்காரர் மட்டும் ஒன்றை வைத்துவிட்டு மற்றதைப் பைக்குள் தள்ளினார், பார்த்தேன், போகட்டும்.

அதனால் உலகம் ஒன்றும் புரண்டுவிடவில்லை. விளம்பரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. சித்தப்பாவின் கூடம் பூட்டித்தான் கிடக்கிறது. அந்த அதிகாரி போன வாரம் போன் பண்ணினார், விஷயம் நிறைய பேருக்குப் பரவிவிட்டதாம், புதிதாக ஒரு விளம்பரம் எடுக்கலாம், நானே கம்பெனி ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஓட்டலாம் என்று கேட்டார். முதல்ல அந்தக் கூடத்து ஆட்களுக்குப் பதில் சொல்லுங்க, அப்புறம் ஜாக்கெட் அளவு தரேன் என்றேன். அதற்கப்புறம் கூப்பிடவில்லை.

அவர்கள் ஏமாற்றினார்கள் என்றால் நான் இப்படி எழுதமாட்டேன். வாங்குவது விற்பது அவர்கள் தொழில். நீ செய்ததுதான் தொண்டையில் நிற்கிறது. அப்பா ஓட்டினால்தான் நம்புவார்கள் என்று நீ நினைத்தது இருக்கட்டும், அப்படி நினைக்கிறவர்கள் ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். ஆனால் அந்த வண்டியில் அன்றைக்கு இருந்தது மூன்று பேர். உன் அப்பா நடுக்கத்தோடு நின்றாவது உண்மையைச் சொல்லிவிட்டார். நான் சொல்லிவிட்டேன். மூன்றாவது ஆள் நீ. நீதான் பொய் சாட்சி சொல்லியிருக்கிறாய்.

இதற்குச் சமாதானம் எழுதாதே. பரிசு எதுவும் அனுப்பாதே, வந்தால் திருப்பி அனுப்புவேன். உன் மேலதிகாரியிடம் போய், ஓட்டினது எங்க அம்மா, நான் மாத்தி எழுதினேன் என்று உன் வாயால் சொல். அவர்கள் திருத்துவார்களா மாட்டார்களா என்பது அவர்கள் பாடு. சொன்னாய் என்று தெரிந்தால் எனக்குப் போதும். அதுவரைக்கும் உன் போனை அப்பா எடுப்பார், நான் எடுக்கமாட்டேன். அவரிடம் அம்மா எங்கே என்று கேட்காதே, பாவம், பொய் சொல்லத் தெரியாமல் முழிப்பார்.

நல்லா இரு, நோய் நொடி இல்லாமல் இரு, கோபத்தில் சொன்னாலும் இது என் ஆசீர்வாதம்தான். குளிர் காலம் வருகிறது, காதை மூடிக்கொண்டு வெளியே போ. சித்தப்பாவுக்கு இந்த வாரமே பேசு, வேலையைப் பற்றிக் கேட்காதே, சும்மா பேசு, அவர் குரல் எப்படி இருக்கிறது என்று நீயே கேள்.

இப்படிக்கு,
உன்மேல் கோபமாக இருக்கிற
அம்மா