இரண்டு மருந்துக் கடைகள்

அப்பா,

இன்று மதியம் பெருங்குடி அலுவலகத்தில் பக்கத்து இருக்கைப் பெண் பம்ப்ளிமாஸ் உரித்தாள். தடித்த தோலைக் கிழித்ததும் வாசனை என் மேசைவரை வந்தது. இரண்டு சுளையை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் வாங்கித் தாளில் மடித்து வைத்தேன். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. விட்ட வரியிலிருந்து வேலையைத் தொடர்ந்தேன்.

கோபாலபுரத்தில் உன் இஸ்திரி வண்டி வாசலில் நின்ற வீட்டின் தோட்டத்தில் ஒரு பம்ப்ளிமாஸ் மரம் இருந்தது. உனக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து அந்த வீட்டம்மா தினமும் ஒரு பழம் தருவார். "சாப்பிடுப்பா, ஹார்ட்டுக்கு நல்லது." நீயும் மாத்திரை போட்ட கையோடு உரித்துத் தின்பாய்.

துடிப்புக்கான மாத்திரையைத் தெருமுனைக் கடையிலேயே வாங்கினோம். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. இதயநோய் என்றால் கொஞ்சம் மரியாதைகூட உண்டு. வலிப்பு மாத்திரைக்கு மட்டும் சைதாப்பேட்டைக்குப் பஸ் ஏறினாய், பதினைந்து வருடமாக. கரி நெருப்பு போட்ட இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கிற கை. வலிப்பு என்று தெரிந்தால் யார் பட்டுப்புடவையைத் தருவார்கள்? அதற்கும் மேலே நான் இருந்தேன். "அப்பனுக்குக் காக்கா வலிப்புன்னா உன்ன எவன் வந்து கேப்பான்? வாய மூடிக்கினு இரு பாப்பா."

இரண்டு கடைக்காரர்களுக்கும் உன்னை நன்றாகத் தெரியும். இரண்டு சீட்டையும் சேர்த்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.

துடிப்புக்கு முதன்முதலில் மருந்து எழுதிய மருத்துவர் கேட்டபோது நான் உன் பக்கத்து நாற்காலியில் இருந்தேன்.

"வேற ஏதாவது மாத்திரை எடுக்குறீங்களா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தலவலிக்குக்கூட போட மாட்டேன் சார். பொண்ணு டிகிரி படிச்சிகீது, அதையே கேளுங்க."

அவர் என்னைப் பார்த்தார். நம் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. ஆங்கிலத்தில் வருகிற எந்தக் காகிதத்தையும் என்னிடம்தான் நீட்டுவாய். நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை. அவர் எழுதத் தொடங்கிவிட்டார். வெளியே வந்ததும் நீ எனக்கு ரோஸ்மில்க் வாங்கித் தந்தாய்.

மூன்றாவது வாரத்திலிருந்து உனக்கு எல்லாம் இரண்டாகத் தெரிந்தது. நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைத் தீய்த்துவிட்டாய். எதிர்வீட்டு வாட்ச்மேன் அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா நைனா, காலங்காத்தாலயே ஏத்திக்கினியா?"

"நேத்து மிச்சம் கொஞ்சம் கீது நைனா," என்றாய்.

நீ வாழ்நாளில் தொட்டதில்லை. வலிப்புக்காரன் என்பதைவிடக் குடிகாரன் என்ற பெயர் உனக்குச் சுலபமாக இருந்தது. சாப்பாடு கொண்டுவந்த நான் தூக்கைப் பிடித்தபடி நின்றேன். வாட்ச்மேன் போனதும், "டாக்டர்கிட்ட சொல்லிடலாம்பா" என்றேன். "அடுத்த வாட்டி போறப்ப சொல்லிக்கலாம்" என்றாய்.

அடுத்த வாட்டிக்கு நான்கு நாள் இருந்தது. வண்டிக்குப் பக்கத்திலேயே விழுந்தாய். அவசரப் பிரிவில் ஒரு பெண் மருத்துவர் அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு மாத்திரை அட்டையையும் மேசையில் வைத்தேன். பழத்தையும் சொன்னேன். துடிப்பு ரொம்ப மெதுவாக இருக்கிறது என்றார்.

"இந்த ரெண்டும் ஒண்ணாப் போனா ஒண்ணோட அளவ இன்னொண்ணு மாத்தும். இந்தப் பழம் வேற, மருந்த உடம்பு சீக்கிரம் வெளியேத்த விடாது. தெரிஞ்சிருந்தா ரத்தத்துல அளவு பாத்து மாத்திக் குடுத்திருப்பாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதனாலதான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா" என்றார்.

மாலையில் நீ போய்விட்டாய். அவர் கடைசியாகச் சொன்னது உண்மையா இரக்கமா என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தி.நகரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா, "அப்பாவுக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். "ஹார்ட்டுங்க," என்றாள் அம்மா.

"வலிப்பும் இருந்துச்சு," என்றேன். "பதினஞ்சு வருஷமா."

காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்கள். கதவு சாத்தியதும் அம்மா, "அந்த மனுஷன் பஸ் ஏறி ஏறிக் காப்பாத்துனத ஒரு நிமிஷத்துல கொட்டிட்டியேடி," என்றாள். அதன்பிறகு என்னோடு பேசவில்லை. நான் தம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அப்பா. குரல் நடுங்கவுமில்லை. அன்று டாக்டர் முன்னால் அந்த நாற்காலியிலும் இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.