நாற்பத்தொன்றாம் பக்கம்

ஜூன் 4

அன்புத் தங்கைக்கு,

நலமா? நம் மாஸ்டர் மறைந்து ஓராண்டு ஆகப்போகிறது. அவரிடம் நடனம் கற்ற எல்லோரும் எழுதும் நினைவு மலர் ஒன்று கொண்டுவருகிறேன். நீ எட்டு வருஷம் கற்றவள். ஒரு பக்கம் எழுதி அனுப்பு. ஆட்டத்தை விட்டுத் தையல் கடை வைத்தாய், சரி. எங்களையும் விட்டுவிடலாமா?

அன்புடன்,
அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

கேட்டீர்கள், எழுதிவிட்டேன். நம் இருவரின் அரங்கேற்றத்துக்குப் பத்து நாள் முன்பு, மாஸ்டர் வீசிய, தாளம் போடும் தட்டுக்கழி என் முழங்காலை உடைத்ததையும், அதோடு என் ஆட்டம் முடிந்ததையும் எழுதியிருக்கிறேன். ஒரு சொல்லையும் வெட்டக் கூடாது.

தையற்காரி

ஜூன் 22

தங்கைக்கு,

படித்தேன். செத்தவர் மேல் சேறு வாரி இறைக்க என் மலர்தான் கிடைத்ததா? இருநூறு பேரை மேடையேற்றிய மனிதர். பாதம் தரையில் விழும் சத்தத்தை வைத்தே, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறாள் என்று சொல்லிவிடுவார். தாளம் தப்பினால் எந்த மாஸ்டருக்குத்தான் கோபம் வராது? இதை அச்சில் ஏற்ற மாட்டேன்.

அக்கா

ஜூன் 30

அக்காவுக்கு,

அவர் பெருமையை எனக்கு நீங்கள் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். கடைசி நாள்தான் கேட்டார்: "உனக்குத் தாளம் தப்பாதேம்மா. அன்னிக்கு எப்படித் தப்புச்சு?"

"தப்பிடுச்சு மாஸ்டர்" என்றேன். உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை.

தப்பியது யார் கால் என்று, என் பக்கத்தில் நின்ற உங்களுக்குத் தெரியும். நீங்களே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். நீங்கள் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. அந்த மேடையில் தனியாக ஆடினீர்கள். இப்போது எனக்கே தாளத்தைப் பற்றி எழுதுகிறீர்கள். கை கூசவில்லையா?

தையற்காரி

செப்டம்பர் 9

தங்கைக்கு,

மலர் அனுப்பியிருக்கிறேன். உன் கட்டுரை நாற்பத்தொன்றாம் பக்கத்தில், ஓர் எழுத்துக் குறையாமல் இருக்கிறது. அதன் கீழே நான் சேர்த்த வரி: "அன்று தாளம் தப்பியவள் நான். மாஸ்டரிடம் கடைசிவரை சொல்லவில்லை."

மலர் வெளியீட்டு விழாவில் மாஸ்டரின் மகன் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான்கு பிள்ளைகள் என் நடன வகுப்பை விட்டு நின்றுவிட்டார்கள். திருப்திதானே உனக்கு? அப்போது பதினெட்டு வயதடி எனக்கு. சொன்னால் மேடை போய்விடும் என்று பயந்தேன். நேரில் வந்து பார்க்கட்டுமா?

அக்கா

செப்டம்பர் 20

அக்காவுக்கு,

படித்தேன். நன்றி எழுதப் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. நான் ஒரு பொய் சொன்னேன். அதை முப்பது வருஷம் உண்மையாகவே வைத்துக்கொண்டது நீங்கள். என்னைத் தாளம் தப்பியவள் என்று நினைத்தே அவர் போய்ச் சேர்ந்தார். அதை எந்த மலரும் திருத்தாது.

வர வேண்டாம். கடிதமும் வேண்டாம். நின்றுபோன பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்க் கூப்பிடுங்கள். அவர் ஆட்டம் முழுசாக மிச்சமிருப்பது உங்கள் உடம்பில்தான். அதற்காக மட்டும் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.