கூஜாத் தீர்த்தம்

1937 ஜூலை 3, சனி

பிள்ளை பிறந்து ஆறு நாள். அம்மா உயிரோடு இல்லாததால் பிரசவம் தென்காசியிலேயே, புகுந்த வீட்டில். பால் இன்றும் போதவில்லை. சப்பிப் பார்த்துவிட்டு வீறிட்டு அழுகிறான். எனக்கு நாக்கு வறண்டு ஒட்டுகிறது. "பச்சை உடம்புக்காரி தண்ணி குடிச்சா வயிறு ஊதிரும்" என்கிறாள் அத்தை. வெளியே சாரலில் ஊரே நனைகிறது. எனக்கு ஒரு மடக்குக் கிடையாது!

ஜூலை 5

திருநெல்வேலியிலிருந்து பால்மாவு டப்பா வாங்கிவரச் சொல்லிவிட்டாள் அத்தை. வந்ததும் சங்கில் புகட்டுவதாம். "உனக்குச் சுரக்காதுட்டி." அதை அவள் எப்படிச் சொல்லலாம்? நான் இருக்கும்போது என் பிள்ளைக்கு டப்பா எதுக்கு? அழுதேன். கோபத்தில்தான்.

ஜூலை 6

புறவாசல் ஜன்னலில் பக்கத்து வீட்டு ராபியா அக்கா. நாலு பெற்றவள்.

"தண்ணி குடிக்காம பால் எங்கனருந்து வரும் புள்ள? இறைக்கிற கிணறுதான் ஊறும். அழ அழக் குடு. காம்பை மட்டும் குடுக்காத, வாய் நெறையக் குடு."

அப்படியே பிடித்தேன். காம்பு வலி குறைந்தது. ராத்திரி வீட்டுக்காரரிடம் தாகம் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 7

குற்றாலத்தில் குளித்துவிட்டு வந்தவர் கையில் கூஜா. அத்தை மறித்தாள்.

"குத்தாலநாதர் தீர்த்தம்மா."

"தீட்டுக்காரிக்கா?"

"தீர்த்தத்துக்குத் தீட்டு ஏது?"

சாமி பேரைச் சொன்னால் அத்தை என்ன செய்வாள்? தீர்த்தமென்றால் உள்ளங்கையில் மூன்று சொட்டு. நான் கூஜாவைக் கவிழ்த்தே குடித்தேன்.

ஜூலை 10

தினமும் அருவி, தினமும் கூஜா. "இவனுக்கு எங்கனருந்து வந்துச்சு இவ்வளவு பக்தி?" என்கிறாள் அத்தை.

ஜூலை 14

டப்பா வந்தது. பிள்ளைக்குக் குத்தாலிங்கம் என்று பேர் வைத்தாயிற்று; கடைவாயில் பால் வழியத் தூங்குகிறான். ரவிக்கை நனைந்து கிடக்கிறது. ஜெயித்துவிட்டேன்! பால்மாவை மாமா காபியில் கலந்து குடித்துவிட்டு முகம் சுளித்தார்.

செப்டம்பர் 20

குத்தாலிங்கத்துக்குத் தொடையில் மடிப்பு விழுந்துவிட்டது. பிரசவத்துக்கு ராயகிரியிலிருந்து வந்த நாத்தனார் கல்யாணசுந்தரிக்கு நேற்றுப் பெண் குழந்தை.

"ஏலே, தங்கச்சிக்கும் தீர்த்தம் கொண்டா" என்றாள் அத்தை.

"சீசன் முடிஞ்சு அருவி வத்திருச்சேம்மா."

"அதுக்கென்ன? நம்ம கிணத்துல மொண்டு வையி. தாகத்துக்கு எந்தத் தண்ணியா இருந்தா என்ன?"

நாங்கள் இருவரும் திருதிருவென்று முழித்தோம்.

"எல்லாம் தெரியும்லே. நானும் மூணு பெத்தவதான். எனக்குத்தான் கூஜா கொண்டார ஆளில்லை."

மாமா காபி டம்ளரிலிருந்து தலை நிமிரவில்லை. அத்தையே போய்த் தண்ணீர் இறைத்தாள். குடத்தோடு கொண்டுவந்து மகள் தலைமாட்டில் வைத்தாள்.