முகவரியின் நடுவே விழுந்த கோடு குறித்து

அனுப்புநர்:
தம்பையா பெரியாயி,
7ஆம் இலக்க லயம், மேற்பிரிவு,
வெள்ளைப்பாறைத் தோட்டம்,
பசறை.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
தோட்டப்புறத் தாதியர் பயிற்சித் திட்டம்,
பதுளை.

விடயம்: தமிழ் அறிவித்தலில் இணையத்தள முகவரியைத் தவறான இடத்தில் ஒடித்து அச்சிட்டதால் என் பேத்தி சுதர்சினி விண்ணப்பிக்க முடியாமற் போனமையும், அதன்பின் தங்கள் முகநூல் பக்கத்தில் அவளுடைய படம் போடப்பட்டமையும்.

மதிப்புக்குரிய பணிப்பாளர் ஐயா,

1. முறைப்பாட்டுக்கு முன் நான் யாரென்று தாங்கள் அறிய வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாற்பத்திரண்டு வருடம் கொழுந்தெடுத்து இளைப்பாறியவள். எனக்குப் பேரப்பிள்ளைகள் நால்வர். மூத்தவன் கஜேந்திரன் லுணுகலையில் கணித ஆசிரியர். இரண்டாமவள் விஜயலெட்சுமி பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம். மூன்றாமவன் இந்திரஜித் மாகாணக் கரப்பந்தாட்ட அணியில் விளையாடி வாங்கிய பதக்கத்தை, வீட்டுக்குள் வருகிறவர் தலையில் இடிக்கும் உயரத்தில்தான் மாட்டியிருக்கிறேன். நாலாமவள் சுதர்சினி. தாயும் தகப்பனும் கொழும்பில் வேலை செய்வதால் அவளை வளர்த்தவள் நான். உயர்தர விஞ்ஞானப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. எங்கள் தோட்டத்தில் அந்தப் பிரிவில் சித்தியடைந்த முதற்பிள்ளை அவள்தான். முதல் மூவருடைய படங்களும் சாமிப் படத்துக்குக் கீழே தொங்குகின்றன. நாலாவது ஆணி, வெள்ளைச் சீருடைப் படத்துக்காக நான் முன்கூட்டியே அடித்தது. இதையெல்லாம் பெருமைக்காக எழுதவில்லை என்று எழுத நினைத்தேன். அது பொய். பெருமைக்காகவும்தான் எழுதுகிறேன்.

2. இந்த வருடம் ஏப்ரல் 2ஆம் திகதி தங்கள் அறிவித்தலின் தமிழ்ப் பிரதி எங்கள் பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டப்பட்டது. வேலைக்குப் பேர் கொடுக்க எல்லோரும் காலையில் கூடும் இடம் அது. தாதியர் பயிற்சிக்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம், முடிவுத் திகதி ஏப்ரல் 25, மாலை நான்கு மணி என்று இருந்தது. கீழே இணையத்தள முகவரி. அந்த முகவரி ஒரு வரியில் அடங்கவில்லை. ஆகவே அதற்குள் இருந்த ஓர் ஆங்கிலச் சொல்லை நடுவில் ஒடித்து, முன்பாதியை மேல்வரியிலும் பின்பாதியைக் கீழ்வரியிலும் போட்டு, ஒடித்த இடத்தில் ஒரு சிறு கோடு வைத்திருந்தீர்கள். அந்தக் கோடு முகவரியைச் சேர்ந்தது அல்ல. அதை எங்களுக்கு யார் சொல்வது? அதற்குக் கீழே தடித்த எழுத்தில், முகவரியை இவ்வறிவித்தலில் உள்ளவாறே தட்டச்சு செய்ய வேண்டும், பிழையான முறையில் அனுப்பப்படும் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் என்றும் அச்சிட்டிருந்தீர்கள். அந்த அறிவித்தல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. மழைத்தண்ணீர் பட்ட கறையைத் தவிர அதில் வேறு எதுவும் என்னால் ஏற்பட்டதல்ல.

3. ஏப்ரல் 16, 19, 22, 24 ஆகிய நான்கு நாட்கள் நானும் பேத்தியும் பஸ்ஸேறிப் பசறைக்குப் போய், மிப்ரான் என்பவருடைய கொமினிகேஷன் கடையில் கம்பியூட்டருக்கு முன் உட்கார்ந்தோம். உள்ளவாறே அவள் தட்டினாள். கோட்டையும் சேர்த்தே தட்டினாள். நான்கு நாளும் அப்படியொரு பக்கம் இல்லை என்றே வந்தது. தங்கள் அலுவலகத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பார் இல்லை. முதல் மூன்று நாளும், நிறையப் பேர் ஒரே நேரத்தில் பார்ப்பதால் அடைத்திருக்கும் என்று சொல்லி எங்களை நாங்களே தேற்றிக்கொண்டு திரும்பினோம்.

4. நாலாம் நாள் நடந்ததை மறைக்கலாம். மிப்ரானைத் தாங்கள் விசாரித்தால் வெளிவந்துவிடும், ஆகையால் நானே எழுதுகிறேன். அன்று மிப்ரான் அறிவித்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஆச்சி, இந்தக் கோடு வரி ஒடிஞ்ச எடத்துல வந்ததுங்க. அத எடுத்துட்டு ஒருக்கா அடிச்சுப் பாப்பமே" என்றார். சுதர்சினியும் தலையாட்டினாள். அதை அழிப்பதற்கு அவள் விரல் போனது. நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தேன். "கவர்மெண்டு கடுதாசியத் திருத்த நீ யாரு? அவங்க போட்டத எடுக்க ஒனக்கு என்னாடி அதிகாரம்?" என்று கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கேட்டேன். மிப்ரானையும் மரியாதைக் குறைவாகப் பேசினேன். அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

5. அப்படிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. 1973இல் எங்கள் குடும்பம் இந்தியா போகப் பத்திரம் வந்தது. தாய், தகப்பன், அண்ணன் இருவர், நான். எனக்கு அப்போது பதினைந்து வயது. பத்திரத்தில் என் வயது ஐந்து என்று இருந்தது. எங்கள் கணக்கப்பிள்ளை நல்ல மனதோடு பேனாவை எடுத்து ஐந்துக்கு முன்னால் ஒன்று போட்டுக் கொடுத்தார். தலைமன்னாரில் அதிகாரி ஒருவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, திருத்தியது செல்லாது என்றார். மற்ற நால்வரும் கப்பலேறினார்கள். புதுப் பத்திரம் எடுத்துக்கொண்டு அடுத்த கப்பலில் வரலாம் என்று சொல்லி என்னை அத்தையிடம் திருப்பி அனுப்பினார்கள். அந்த அடுத்த கப்பல் எனக்கு இன்றுவரை வரவில்லை. என் தாய் மதுரைப் பக்கத்தில் ஏதோ ஓர் ஊரில் செத்துப் போன செய்தி, அவள் செத்து மூன்று மாதம் கழித்துத்தான் கடிதத்தில் வந்தது. அதிகாரத்தின் காகிதத்தில் கை வைக்கக் கூடாது என்பது நான் பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. பேரப்பிள்ளைகள் நால்வருக்கும் நான் அடித்துச் சொல்லிக் கொடுத்தது.

6. ஏப்ரல் 26ஆம் திகதி, அதாவது முடிவுத் திகதிக்கு மறுநாள், நான் மட்டும் மிப்ரான் கடைக்குப் போனேன். அவர் அந்தக் கோட்டை எடுத்துவிட்டுத் தட்டினார். பக்கம் உடனே திறந்தது. வெள்ளைத் தொப்பி போட்ட ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே சிவப்பில் இருந்ததை மிப்ரான் வாசித்தார்: விண்ணப்பம் முடிவடைந்துவிட்டது. பார்த்ததற்கு அவர் என்னிடம் எதுவும் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

7. ஏப்ரல் 28 திங்கட்கிழமை சுதர்சினி தனியாகத் தங்கள் அலுவலகத்துக்கு வந்தாள். கருமபீடத்தில் இருந்தவர் அறிவித்தலைப் பார்த்துவிட்டு, வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி, "ஒரு கோட்ட எடுத்துட்டுப் போட்டுப் பாக்கத் தெரியாத பிள்ள, நாளைக்கு ஊசி குத்த வந்தா நோயாளி கதி என்னா?" என்று கேட்டாராம். வரிசை சிரித்தது. பிறகு இன்னொருவர் வந்து, முறைப்பாட்டுக் கோப்புக்கு வேண்டும் என்று சொல்லி, அறிவித்தலை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். கோப்புக்கு என்றதால் அவள் நேராக நின்றாள். அழுத முகத்தைக்கூடத் தாவணியால் துடைத்துக்கொண்டு நின்றாள்.

8. மறுநாள் அந்தப் படம் தங்கள் முகநூல் பக்கத்தில் வந்தது. மேலே எழுதியிருந்தது: "இவரிடம் ஊசி போட்டுக்கொள்ள யாருக்குத் துணிவு?" நான் இதை எழுதும் நாளில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் அதற்குச் சிரிப்பு முகம் போட்டிருக்கிறார்கள். கீழே எழுதியவர்களில் ஒருவர், கூடை காலியாக இருக்கிறதாம், திரும்பி வரட்டும் என்கிறார். இன்னொருவர் அவளுடைய நிறத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். அதை நான் இங்கே எழுதமாட்டேன், தாங்கள் அங்கேயே படித்துக்கொள்ளலாம். தங்கள் அலுவலகத்தார் அதற்கும் ஒரு சிரிப்பு முகம் போட்டிருப்பதைக் கஜேந்திரன் எனக்குக் காட்டினான்.

9. இப்போது எங்கள் லயத்தில் அவளுக்குக் கோட்டு நர்ஸ் என்று பேர். அவள் பீலியடிக்குத் தண்ணீருக்குப் போகும்போது பிள்ளைகள் பாதையில் குச்சியால் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டு, தாண்டுகிறாளா என்று ஒதுங்கி நின்று பார்க்கிறார்கள். பெரியவர்கள் அவர்களைக் கண்டிப்பதில்லை. பதக்கத்தை இடிக்கிற உயரத்தில் மாட்டியவள் வீட்டுப் பிள்ளை என்பதால் அவர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அதில் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

10. தங்கள் அலுவலகம் செய்யாத ஒன்றையும் நேர்மைக்காக எழுத வேண்டும். படம் வந்த அன்று அந்த அவமானம் தாங்காமல், படிச்சுக் கிழிச்சது போதும், கூடையை எடு என்று அவளிடம் சொன்னவள் நான். மே 5ஆம் திகதி பெரட்டுக்கு அவளை நானே கூட்டிக்கொண்டு போய்ப் பேர் பதிந்தேன். கொழுந்தெடுக்கும்போது சேலை நனையாமல் கட்டும் என்னுடைய பழைய படங்கை அவள் இடுப்பில் நானே கட்டினேன். அவள் மறுக்கவில்லை. அன்றிலிருந்து இன்றோடு எழுபது நாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசவுமில்லை. சோறு போட்டுத் தருகிறாள், பேசுவதில்லை.

11. பதுளையில் அறிவித்தலை அடித்த அச்சகத்துக்கும் போனேன். அங்கே வேலை செய்யும் வடிவேல் என்பவர் சொன்னது இது: சிங்கள அறிவித்தலில் முகவரி ஒரே வரியில் அடங்கிவிட்டது. தமிழுக்கு ஒதுக்கிய இடம் ஒடுக்கம், எழுத்தும் அகலம், அதனால் ஒடிந்தது. கோட்டை ஆள் போடவில்லை, கம்பியூட்டரே போட்டது. அச்சடிக்குமுன் தங்கள் அலுவலகத்துக்கு மாதிரி அனுப்பப்பட்டது, தமிழ் மாதிரியில் சரி என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். எனக்கு ஆங்கிலம் படிக்க வராது, எண்ண வரும். இரண்டு அறிவித்தலையும் பக்கத்தில் வைத்து எண்ணினேன். சிங்களத்தில் உள்ள முகவரியில் எழுத்தும் குறியும் சேர்த்து நாற்பத்தாறு. தமிழில் உள்ளதில் நாற்பத்தேழு. இரண்டு அதிகாரிகள் எண்ணாததை எண்ணுவதற்கு எனக்குக் கால்மணி நேரம்தான் ஆனது. தெமோதரையிலிருந்து லுணுகலை வரை தமிழ் அறிவித்தலை மட்டும் பார்த்துத் தட்டிய எங்கள் பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாங்கள் வெளியிட்ட தெரிவுப் பட்டியலில் இல்லை. டவுனில் உள்ளவர்களுக்குப் போனிலேயே முகவரி வந்துவிட்டதாம். அவர்கள் அதைத் தட்டவே தேவையில்லை, தொட்டால் போதும்.

12. ஆகவே தங்களிடம் நான் கேட்பவை:

(அ) இனிமேல் தமிழ் அறிவித்தலில் முகவரி ஒரு வரியில் அடங்காவிட்டால், சாய்கோட்டுக்குப் பின்னாலோ புள்ளிக்கு முன்னாலோ மட்டும் ஒடிக்க வேண்டும். சொல்லின் நடுவில் ஒடிக்கக் கூடாது. ஒடித்த இடத்தில் எதையும் சேர்க்கக் கூடாது. கொழுந்தை எந்த இடத்தில் ஒடிக்கலாம் என்று எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறார்கள், தவறிய இடத்தில் ஒடித்தால் கங்காணி கூடையைக் கவிழ்த்துவிடுவார். தங்கள் அலுவலகத்தில் கூடையைக் கவிழ்க்க ஒருவரும் இல்லையா என்று கேட்கிறேன்.

(ஆ) அச்சடிக்குமுன், ஆங்கிலம் தெரியாத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, பார்த்தபடியே தட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடலாம். பஸ் கூலி வேண்டாம்.

(இ) பயிற்சி இடத்தைக் கேட்டு இந்த மனுவை எழுதவில்லை. அது போய்விட்டது. கஜேந்திரன் தொலைபேசியில் கேட்டபோது, அடுத்த வருடம் இந்தத் திட்டம் உண்டா என்பதே நிச்சயமில்லை என்று சொல்லிவிட்டீர்கள்.

13. கடைசியாக அந்தப் படம். அதைப் பற்றித்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், கை வரவில்லை. கருமபீடத்தில் அத்தனை பேர் சிரித்தபோது, கோட்டை எடுக்கப் போன விரலைத் தடுத்தவர் யார் என்று அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சிரிப்பு அவளை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பியிருக்கும். சொல்லாமல் நேராக நின்று படம் எடுக்க விட்டாள். அவளுக்குக் கோட்டை எடுக்கத் தெரியும். தெரியாதவள் நான்.

எனவே அவளுடைய படத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் இத்துடன் வைத்திருக்கும் புதிய படத்தைப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். அது என்னுடைய படம். பசறையில் ஸ்டூடியோவில் எடுத்தது. அதே அறிவித்தலை, அவள் பிடித்த மாதிரியே நெஞ்சுக்கு நேரே பிடித்திருக்கிறேன். மேலே தாங்கள் எழுதிய வாசகம் அப்படியே இருக்கட்டும், ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். படம் எடுத்தவர் என்னையும் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார், நான் சிரிக்கவில்லை. அதற்காகத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

இந்த மனுவைக் கஜேந்திரன் திருத்தித் தருவதாகச் சொன்னான். வேண்டாம் என்றுவிட்டேன். இதில் அடித்தல் திருத்தல் இல்லை.

இடம்: வெள்ளைப்பாறைத் தோட்டம், பசறை
திகதி: 14.07.2025

என் கையால் எழுதிக் கையொப்பமிட்டது,
த. பெரியாயி